அப்பாவின் சிவப்புக் கார்

எங்கள் வீட்டில் ஒரு அறை முழுக்கப் பழைய டீவி கேம்கள் இருக்கின்றன. ஹட்டன் டவுனுக்குச் சற்று மேலே, ரயில் பாதையைப் பார்த்தபடி நிற்கும் வாடகை வீடு. மூன்று அறைகளில் நல்ல அறையை அந்தப் பெட்டிகளுக்குக் கொடுத்திருக்கிறேன். கேசட் போடும் பழைய எட்டு பிட் இயந்திரங்கள், சீடி போடும் சாம்பல் நிறப் பெட்டிகள், கையில் வைத்து விளையாடும் சின்னவை என்று பன்னிரண்டு வகை. சிலவற்றைக் கொழும்பில் பழைய சாமான் விற்கும் தெருக்களில் பொறுக்கினேன். ஒன்றை வட்டவளையில் ஒரு கடைக்காரக் குடும்பம் தங்கள் சாமான் அறையைச் சுத்தம் செய்தபோது சாக்கில் போட்டுக் கொடுத்தது. பாதிக்கு மேல் இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் வாங்கியவை.

இந்த ஊரில் இப்படி ஒரு பழக்கம் வைத்திருப்பது லேசான காரியம் இல்லை. மழை தொடங்கினால் கதவோரம் கிடக்கும் செருப்பே பூஞ்சணம் பூத்துப்போகும். கேசட்டின் அடியில் இருக்கும் செம்புப் பற்களில் பச்சை படியும். ஞாயிற்றுக்கிழமைகளில் பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு ஒவ்வொன்றாகத் துடைப்பேன். அலமாரிக்குள் எந்நேரமும் ஒரு குண்டு பல்பு எரிந்துகொண்டிருக்கும், ஈரம் சேராமல் இருக்க. ஒரு மழைக்காலத்தில், காயாத பள்ளிக்கூடச் சாரியைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த பல்பைப் பார்த்தபடி என் மனைவி சொன்னாள்: "நம்ம உடுப்புக்கு இல்லாத வெயிலு ஒங்க பொட்டிக்கு இருக்கு." அவள் ஆசிரியை. கோபத்தைக் குரலில் காட்டமாட்டாள்.

அம்மா இறந்த பிறகு அப்பா எங்களோடு வந்து சேர்ந்தார். றொசல்லவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்தொரு வருடம் கொழுந்து லொறி ஓட்டியவர். மலையில் பறித்த கொழுந்தை மூட்டை மூட்டையாக ஏற்றி ஃபெக்டரிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் வேலை. தேயிலைக்கு நடுவே வளைந்து வளைந்து இறங்கும் அந்தப் பாதையில் இரண்டு வண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்னால் போய்த்தான் ஆகவேண்டும். முப்பத்தொரு வருடத்தில் ஒரு தடவைகூட அவர் சக்கரம் பாதையோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியதில்லை. தோட்டத்தில் இதை அவர் சொல்லமாட்டார், மற்றவர்கள் சொல்வார்கள்.

டவுன் வீட்டில் அவருக்குச் செய்ய ஒன்றுமில்லாமல் போயிற்று. விடியுமுன் எழுந்து முகம் கழுவி, சட்டை போட்டு, பொத்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு முன்னறையில் உட்கார்ந்திருப்பார். எங்கேயோ புறப்படத் தயாரான ஆள் மாதிரி இருக்கும். நாங்கள் இருவரும் வேலைக்கும் மகன் பள்ளிக்கூடத்துக்கும் போய்ப் பின்னேரம் திரும்பும்போதும் அதே நாற்காலியில் இருப்பார்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் நான் கார்ப் பந்தயம் ஒன்று விளையாடிக்கொண்டிருந்தேன். பாதை முழுவதும் மேலிருந்து பார்ப்பதுபோலத் திரையில் தெரியும் பழைய ஆட்டம். நீலக் கார் நான். மற்ற ஐந்து கார்களையும் இயந்திரமே ஓட்டும். அப்பா கதவடியில் வந்து நின்றார்.

"என்னா தம்பி இது, ஓட்டுறதா?"

"ஆமாப்பா, ரேஸ்."

கொஞ்ச நேரம் பார்த்தார். உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஒத்த ஆளுதான் ஓட்டலாமா? நானும் ஓட்டலாமா?"

இரண்டு பேர் விளையாடக்கூடிய ஆட்டம்தான். அந்த வாரம்தான் ஜப்பானிலிருந்து ஒரு சோடி கன்ட்ரோலர்கள் வந்திருந்தன. முப்பது வருடப் பழைய சாமான், ஆனால் ஒரு பொட்டு மஞ்சள் பாயாத வெள்ளை. ஒன்று என் மடியில் இருந்தது. மற்றது பெட்டிக்குள், நுரை மெத்தையில்.

நான் அப்பாவின் விரல்களைப் பார்த்தேன். வலது கைக் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் வெற்றிலைக் காவி. நகத்தோரம் சுண்ணாம்பு.

இதை எழுதுவதற்கே எனக்கு இத்தனை நாளாயிற்று. அந்த விரல்கள் என் வெள்ளைக் கன்ட்ரோலரில் படக்கூடாது என்று நினைத்தேன். அந்த விரல்கள் பிடித்த ஸ்டியரிங்கில்தான் என் படிப்பு, இந்த வங்கி வேலை, இந்தச் சம்பளம் எல்லாம் வந்தது. அது அப்போது நினைவுக்கு வரவில்லை. கறை படிந்தால் போகாது என்பதுதான் நினைவுக்கு வந்தது.

உடைசல் போட்டு வைத்திருக்கும் கார்ட்போர்ட் பெட்டியிலிருந்து ஒரு கறுப்புக் கன்ட்ரோலரை எடுத்தேன். அதன் வயர் முனையை முன்பே வெட்டி வேறொன்றுக்குப் பற்றவைத்திருந்தேன். வெட்டிய வயரை அலமாரித் துணிக்குப் பின்னால் செருகிவிட்டு அவர் கையில் கொடுத்தேன்.

"சிவப்புக் கார் நீங்கப்பா."

அவர் முக்காலியை முன்னுக்கு இழுத்தார். முதுகை நிமிர்த்தினார். கால் எட்டுகிறதா என்று பார்ப்பதுபோல வலது பாதத்தை ஒருமுறை நீட்டி மடக்கினார். பந்தயம் தொடங்கியது. வளைவுகளில் உடம்பும் சேர்ந்து சாய்ந்தது. சிவப்புக் கார் மூன்றாவதாக வந்தது.

குசினிக்குப் போய், சமைத்துக்கொண்டிருந்த என் மனைவியிடம் சொன்னார்: "அஞ்சாறு பேருல மூணாவது ஆளா வந்துட்டேம்மா."

அன்றைக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன். மறுநாளும் வந்து உட்கார்ந்தார். அதற்கு மறுநாள் நான் வங்கியிலிருந்து வரும்போதே முக்காலி திரையின் முன் போடப்பட்டிருந்தது. வெற்றிலை எச்சிலைத் துப்பி, வாய் கொப்பளித்து, கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். எனக்கு எல்லாம் வசதியாகவே இருந்தது. என் ஆட்டம் எனக்கு. பக்கத்தில் அவர் அமைதியாக இருப்பார். நல்ல மகன் என்ற பெயரும் வந்தது. என் மனைவி பள்ளிக்கூடத்தில் சொல்லியிருக்கிறாள், நான் அப்பாவோடு தினமும் விளையாடுகிறேன் என்று. பழைய கேம் சேர்ப்பவர்களின் குழு ஒன்றில் ஒரு படம் போட்டேன். பின்பக்கமிருந்து எடுத்தது. நானும் அப்பாவும் திரையின் முன்னால். நிறையப் பேர் இதயம் போட்டார்கள். ஒருவர், தன் அப்பா உயிரோடு இல்லை, பார்த்ததும் அழுகை வந்துவிட்டது என்று எழுதினார். நன்றி என்று பதில் போட்டேன். வயர் முனை தெரியாதபடி அந்தப் படத்தை மூன்று தடவை எடுத்திருந்தேன்.

ஒருநாள் அப்பா கேட்டார்: "தம்பி, நான் அமுக்குறதுக்கு முந்தியே திரும்புதே, ஏன்?"

"பழைய மெஷின் அப்பா. அப்படித்தான் இருக்கும்."

"இருக்கும் இருக்கும். நம்ம லொறியிலயும் அந்தச் சேட்டை இருந்துச்சு. ஸ்டியரிங் லூசு. நாமதான் அதுக்குத் தக்கன போகணும்."

அதற்குப் பிறகு அவர் அந்தச் சேட்டைக்குத் தக்கபடி ஓட்டப் பழகினார். வளைவுக்கு இன்னும் முன்னாலேயே அமுக்கினார்.

சில வாரங்களில் நான் கஷ்டமான பாதைகளுக்குப் போனேன். மலைப்பாதைகள். அங்கே இயந்திரம் ஓட்டும் கார்கள் அடிக்கடி சுவரில் மோதும், பள்ளத்தில் விழும். சிவப்புக் காரும் விழுந்தது. முதலில் அப்பா சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி நடுங்குகிறதா என்று பார்ப்பார். நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கமாட்டேன்.

அந்த நேரத்தில்தான் பக்கத்துத் தெருவில் நேர்சரி நடத்தும் ஒரு அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேனின் சாரதி வெளிநாடு போகிறாராம்.

"ஐயா முந்தி தோட்டத்துல லொறி ஓட்டுனீங்கன்னு ஒங்க மருமக டீச்சர் சொன்னாங்க. எனக்கு வேகமா ஓட்டுற ஆளு வேணாங்க. நிதானமான ஆளு வேணும். காலைல ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம். அவ்வளவுதான்."

அப்பா எழுந்து நின்றே பேசினார். "திங்கக்கெழம முடிவு சொல்லவாங்க?" என்று கேட்டார். அந்த அம்மா போனதும் உள்ளே போய் லைசனைப் பிளாஸ்டிக் உறையிலிருந்து எடுத்து வந்து மேசையில் வைத்தார். மெடிக்கல் எடுத்துப் புதுப்பித்தால் போதும். அன்று என் மகனிடம் தோட்டத்து லொறியின் ஐந்து கியர்களும் எங்கெங்கே இருக்கும் என்று கரண்டியை வைத்துக் காட்டினார். அவர் அவ்வளவு பேசி நான் பார்த்து வெகுகாலம் ஆகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

"இன்னைக்கு அஞ்சு தரம் ஓட்டுவோம் தம்பி. அந்த மலைப் பாதையிலயே ஓட்டுவோம்."

அது பரீட்சை என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்வது முழு உண்மையும் இல்லை. அவர் உட்கார்ந்த விதத்தில் ஏதோ இருந்தது, நான் கவனிக்க விரும்பவில்லை. ஐந்து தடவை ஓட்டினோம். ஐந்தில் நான்கு தடவை சிவப்புக் கார் அதே வளைவில், பாலத்துக்கு முன்னால், பள்ளத்தில் இறங்கியது. நான் எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தேன். அப்பா கன்ட்ரோலரை அலமாரியில் மெதுவாக வைத்தார்.

"போதும் தம்பி."

திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டின்போதுதான் அவர் நேர்சரி அம்மாவிடம் முடியாது என்று சொல்லிவிட்டது தெரிந்தது. என் மனைவிக்கு ஆச்சரியம்.

"ஏன் மாமா? நல்ல வேலைதானே. நீங்களும் ஆசப்பட்டீங்களே."

"பச்சப் புள்ளைங்கள ஏத்திக்கிட்டுப் போறதும்மா. கொழுந்து மூட்ட இல்ல. கண்ணு ஒண்ணு பாக்குது, கையி ஒண்ணு செய்யிது. நானே பாத்துட்டேன்ல."

"எங்க பாத்தீங்க?"

அவர் தாடையால் என் அறைப் பக்கம் காட்டினார். "அதுலயே நாலு தரம் கவுத்துட்டேன். றோட்டுல எப்படி?"

நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். அந்த இடத்தில் ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். அவர் மறுநாள் காலையிலேயே போய் அந்த அம்மாவிடம் பேசியிருப்பார். நான் தலையைத் தூக்காமல், "பருப்பு கொஞ்சம் போடு" என்றேன். மனைவி போட்டாள். சாப்பிட்டேன்.

அந்த வாரத்திலிருந்து அவர் பஸ்ஸில்கூட முன்சீட்டில் உட்காருவதை நிறுத்தினார். முன்பெல்லாம் சாரதிக்குப் பின்னால்தான் உட்காருவார். வீட்டில் தேநீர்க் கோப்பையை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினார். படியில் இறங்கும்போது சுவரைத் தொட்டுக்கொண்டார். என்னோடு வந்து உட்காருவது மட்டும் நிற்கவில்லை. இப்போது கன்ட்ரோலரைக் கையில் வைத்திருப்பார், அதிகம் அமுக்கமாட்டார்.

என் மனைவிதான் கண்டுபிடித்தாள். தீபாவளிக்கு முன்னால் அலமாரித் துணியைத் துவைக்க உருவியபோது வெட்டிய வயர் அவள் கையோடு வந்தது. நான் கதவடியில் நின்றிருந்தேன். அப்பா கடைக்குப் போயிருந்தார்.

"இதுக்கு முனையே இல்லையே. எப்படி வேலை செய்யுது?"

நான் சிரித்தேன். அவளும் சிரிப்பாள் என்றுதான் நினைத்தேன். விளையாட்டாகச் சொன்னேன், அது வேலை செய்யாது, சிவப்புக் காரை மெஷினே ஓட்டும், அப்பாவுக்குப் பொழுது போகவேண்டுமே என்று.

அவள் சிரிக்கவில்லை. வயரின் வெட்டிய முனையை விரலால் தடவிப் பார்த்தாள்.

"அப்ப அந்த நாலு தரம் விழுந்தது?"

அவள் கையிலிருந்து வயரை வாங்கப் போனேன்.

"ஒங்களுக்கு அது அன்னைக்கே தெரியும். நான் பருப்பு போடுறப்பவே தெரியும்."

"சொல்லத்தான் இருந்தேன்."

"நீங்களேதான் மாமாகிட்ட சொல்லணும். நான் சொல்லமாட்டேன்." துணியை வாளியில் போட்டாள். "எங்க ஸ்கூல்ல எல்லார்கிட்டயும் ஒங்களப் பத்தி சொல்லி வச்சிருக்கேன்" என்றாள். அதைச் சொன்னபோதுதான் அவள் குரல் உடைந்தது.

அதன் பிறகும் நான் பதினாறு நாள் சொல்லவில்லை. தீபாவளி முடியட்டும் என்றேன். அவருக்குச் சளி பிடித்திருந்தது, அது சரியாகட்டும் என்றேன். இதற்கிடையில் நேர்சரி வேனுக்கு ஒரு இளம் சாரதி வந்துவிட்டார். காலையில் எங்கள் வாசலைத் தாண்டி வேன் போகும். அப்பா ஜன்னலோரம் நின்று பார்ப்பார். "வளைவுல ஹோர்ன் அடிக்கிறான். நல்ல பையன்தான்" என்பார்.

கடைசியில் மஸ்கெலியாவுக்குப் போகும் பஸ்ஸில் சொன்னேன். அங்கே அப்பாவின் தம்பி வீட்டில் விசேஷம். மனைவியும் மகனும் முன்னால் ஒரு இருக்கையில். நானும் அப்பாவும் பின்னால். நீர்த்தேக்கம் தெரியத் தொடங்கும் இடம், வளைவுக்கு மேல் வளைவு. அப்பா முன்னாலிருந்த சீட்டின் கம்பியை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவர் வலது கால் தானாகத் தரையை அழுத்துவதைப் பார்த்தேன். சாரதி பிரேக் பிடிப்பதற்கு ஒரு நொடி முன்னாலேயே அழுத்தினார். ஒரு தடவைகூடத் தப்பவில்லை.

"அப்பா, அந்த கேம்ல... ஒங்க ரிமோட்டுக்கு வயரு இல்ல."

அவருக்குக் கேட்கவில்லை. திரும்பவும் சொல்லவேண்டியிருந்தது. இரண்டாம் தடவை சொல்லும்போது முன்னாலிருந்த ஒரு பெண் திரும்பிப் பார்த்தாள்.

"வயரு வெட்டுனது. நீங்க அமுக்குனது ஒண்ணும் போகல. சிவப்புக் கார மெஷினே ஓட்டுச்சு."

அவர் என் முகத்தைப் பார்த்தார். புரிந்துகொள்ள நேரம் எடுத்தது.

"ஆரம்பத்துலருந்தா?"

"ஆமாப்பா."

"ஒரு தரம் ஃபெஸ்ட்டா வந்தேனே."

"அதுவும் மெஷின்தான்."

வெளியே பார்த்தார். இரண்டு வளைவு போயிற்று.

"அப்ப அந்தப் பாலத்துக்கிட்ட விழுந்தது?"

"அதுவும் நீங்க இல்லப்பா."

அவர் சீட்டுக் கம்பியிலிருந்து கையை எடுத்தார். இரண்டையும் மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அப்ப என் கையி நல்லாத்தான் இருக்கு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. எனக்குச் சொன்னதாகவும் தெரியவில்லை. ஏசுவார், ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்பார் என்று எதிர்பார்த்து எல்லாப் பதிலும் தயாராக வைத்திருந்தேன், விரல் கறை ஒன்றைத் தவிர. அவர் எதுவும் கேட்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் இறங்கும்போது பேரனின் கையைப் பிடித்து அவரே இறக்கினார்.

சித்தப்பா வீட்டில் கூட்டம். அப்பா இந்த ஆட்டத்தைப் பற்றி எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறார் என்பது அங்கேதான் தெரிந்தது. சாப்பாட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தபோது சித்தப்பா சத்தமாகக் கேட்டார்.

"என்னாண்ணே, மகனோட ரேஸ் எல்லாம் ஓட்டுறீங்களாமே! ஒங்களுக்குக் கார் வாங்கிக் குடுத்துட்டானாமே, சிவப்புக் கலர்ல!"

எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா தண்ணீரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"இப்ப வெளையாடுறதில்லப்பா. கண்ணு வலிக்குது. அவன் தெனம் கூப்பிடுறான், நான்தான் வேணாம்னுட்டேன்."

"இந்தக் காலத்துல அப்பனக் கூட ஒக்கார வச்சிக்கிற புள்ள எங்க இருக்கு" என்று யாரோ ஒரு அம்மா சொன்னார். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். நான் எழுந்து போய்க் கை கழுவினேன். இலையில் பாதிச் சோறு இருந்தது.

அடுத்த வாரம் அவர் தனியாகப் போய் மெடிக்கல் எடுத்து லைசனைப் புதுப்பித்துக்கொண்டு வந்தார். கூட வரட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். கண்ணும் கையும் நன்றாக இருப்பதாக எழுதிக்கொடுத்த தாளை என் மனைவியிடம்தான் காட்டினார். நான் நேர்சரி அம்மாவிடம் போய்ப் பேசினேன், நடந்ததைச் சொல்லாமல், அப்பாவுக்கு இப்போது விருப்பம் என்று மட்டும். அந்த அம்மா வருத்தப்பட்டார். வந்திருக்கும் பையனுக்குக் குடும்பம் இருக்கிறது, எப்படி நிறுத்துவது என்றார். அவர் சொன்னது சரிதான். லைசன் அப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. இதுவரை யாரும் கூப்பிடவில்லை.

வெள்ளைக் கன்ட்ரோலர் சோடியில் இரண்டாவதைப் பெட்டியிலிருந்து எடுத்து மாட்டி வைத்தேன். ஒருநாள் அவரைக் கூப்பிட்டேன். "வேணாம்ப்பா, நீ வெளையாடு" என்றார். அப்புறமும் இரண்டு மூன்று தடவை கூப்பிட்டேன். அதே பதில், அதே சாந்தமான குரல். முக்காலியைக் குசினிக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். இப்போது பின்னேரங்களில் அங்கே உட்கார்ந்து என் மனைவிக்குக் கீரை ஆய்ந்து கொடுக்கிறார்.

நான் சேர்ப்பதை நிறுத்தவில்லை. எல்லாவற்றையும் விற்றுவிட்டேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. போன மாதம்கூட ஒரு பெட்டி வந்தது. குழுவில் போட்ட அந்தப் படத்தை மட்டும் அழித்தேன். அதையும் உடனே அழிக்கவில்லை, சில மாதம் கழித்துத்தான்.

அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையை நான்தான் வாங்கி வருகிறேன். முன்பு கையை நீட்டுவார், நான் வைப்பேன், வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பார். இப்போது அட்டையோடு கேட்டு வாங்குகிறார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. என்னிடம் கேட்பதும் இல்லை. குசினிப் பக்கம் திரும்பி என் மனைவியைக் கூப்பிடுகிறார்.

"இந்தாம்மா, இது டாக்டர் எழுதுனதுதானான்னு கொஞ்சம் பாத்துச் சொல்லு."

அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, வாங்கிப் பார்த்து, "அதுதான் மாமா" என்கிறாள். அதற்குப் பிறகுதான் விழுங்குகிறார். தண்ணீர் கிளாஸைப் பிடித்துக்கொண்டு நான் பக்கத்தில் நிற்கிறேன்.